உன் குரலில் நான் பாடிய பாட்டுகள்

என் பிரியமுள்ள செல்வின் அண்ணனுக்கு,

தங்கச்சி மேபல் எழுதுகிறேன். நீ மஸ்கட்டில் இருந்த காலத்தில் உனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் "இங்கு அனைவரும் சுகம்" என்றுதான் தொடங்கியிருக்கிறேன், வீட்டில் யார் காய்ச்சலில் கிடந்தாலும். அந்தப் பழக்கம் போகவில்லை. இங்கு அனைவரும் சுகம்.

உன் மகள் அபிஷாவுக்கு வருகிற திங்கள்கிழமை கல்யாணம், நம்ம சர்ச்சில்தான். மாப்பிள்ளை மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். சென்னையில் அவள் நர்ஸாக இருக்கும் அதே ஆஸ்பத்திரியில் லேப் வேலை. அதிகம் பேசமாட்டான். உனக்குப் பிடித்திருக்கும், நீ பேச ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா. பந்தலுக்குச் சொல்லியாயிற்று, சமையலுக்கும் சொல்லியாயிற்று. மைக் செட்டுக்கு மட்டும் யாரிடமும் போகவில்லை. ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு மைக் செட் கட்டியவன் வீட்டுக்கு வெளியிலிருந்து மைக் செட்டா என்று மைனி கேட்டாள். உன் பெட்டிகளையே இறக்கி, துடைத்து, வெயிலில் வைத்து எடுத்தோம். ஒரு பெட்டிக்குள் பல்லி முட்டை இருந்தது. மற்றபடி எல்லாம் பாடுகிறது.

மைனியை அவள் இவள் என்று எழுதுகிறேன் என்று யாராவது குறை சொல்லக்கூடும். என் வகுப்புக்காரியை நீ கட்டிக்கொண்டு வந்தாய். அவளுக்கு மரியாதை கொடுக்க இத்தனை வருஷத்தில் எனக்கு வரவில்லை, அவளும் கேட்கவில்லை.

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. நான் இன்னும் அழவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். முதலில் ஊர் அதைக் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தது, மேபலுக்கு நெஞ்சு உரம் என்றது. உரமும் இல்லை ஒன்றும் இல்லை. உள்ளே எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான். ஆபீசுக்குப் போகிறேன், வருகிறேன், மீன் வாங்குகிறேன், விலையைக் கேட்டுச் சண்டையும் போடுகிறேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அவ்வப்போது உன்னை நினைத்துப் பார்ப்பேன். வலிக்காது.

இதை உனக்கு மட்டுமாக எழுதி வைத்திருக்கலாம். ஆனால் இணையத்தில் உன் பாட்டுகளுக்குக் கீழே அடுத்த பாட்டு எப்போது வரும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

தொண்டையில் கட்டி என்று திருவனந்தபுரத்தில் சொன்ன அன்று நீ டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இனிமேல் பாட முடியுமா? அவர் நல்ல மனுஷர், ரொம்ப நேரம் ஆறுதல் சொன்னார். ஆறுதல் அவ்வளவு நீளமாகப் போனதால் பதில் நமக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பினோம். களியக்காவிளை தாண்டியதும் போனை எடுத்து என்னிடம் நீட்டினாய்.

அதில் அந்தப் பாட்டுத் தளம் திறந்திருந்தது. கம்பெனி, ஸ்டுடியோ என்று யாருடைய தயவும் இல்லாமல் தனியாகப் பாட்டுப் போடுகிறவர்களுக்காக வந்த தளம். மெட்டையும் பாட்டையும் கொடுத்தால் புல்லாங்குழலும் தபலாவும் வயலினும் செயற்கை அறிவே வாசித்துச் சேர்த்துவிடும், முடிந்த பாட்டை உலகத்தில் இருக்கிற எல்லாப் பாட்டு ஆப்புக்கும் அதுவே அனுப்பிவிடும். நீ அதற்கு முன்பே அதில் இரண்டு மூன்று பாட்டுப் போட்டிருந்தாய். அன்று பஸ்ஸில் காட்டியது புதிதாக வந்திருந்த ஒரு வசதி. உன் குரலை அதற்குப் பழக்கிக் கொடுத்துவிட்டால், பிறகு வேறு யார் பாடினாலும் அந்தப் பாட்டை உன் குரலாக மாற்றித் தரும்.

"நீ பாடுவியா, ஏட்டி?" என்று கேட்டாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சரி என்றேன். சர்ச் கொயரில் பின்வரிசையில் நிற்கிறவள் நான். தனியாகப் பாட எழுப்பினால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். ஆனால் அன்று வேறு என்ன சொல்ல?

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் முழுக்க மைக் செட் அறையில் கதவை அடைத்துக்கொண்டு நீ அந்தத் தளத்துக்காகப் பாடினாய், பேசினாய். வாசிக்கச் சொல்லி அது சில வாக்கியங்களைக் கொடுத்தது. இன்று வானிலை மிகவும் இனிமையாக உள்ளது என்று ஒன்று. நீ வாசித்துவிட்டு, இப்படி எந்த மனுஷன் பேசுவான் என்று என்னைப் பார்த்துக் கேட்டாய். அது அதையும் பதிந்துகொண்டது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது உன் கழுத்தில் துளை இருந்தது, குரல் இல்லை. மெட்டை நீ கீபோர்டில் ஒற்றை விரலால் வாசித்துக் காட்டுவாய். நான் ஆபீஸ் விட்டு வந்து, மைனி தரும் சாயாவைக் குடித்துவிட்டு, நீ வாசித்ததைப் பாடுவேன். நான் பாடியது கணினிக்குள் போகும், நீ பாடியதாக வெளியே வரும். முதல்முறை அது வந்தபோது மைனி அடுக்களையிலிருந்து கையில் கரண்டியோடு ஓடி வந்து வாசலில் நின்றாள். நீ நாற்காலியில் வாயை மூடி உட்கார்ந்திருந்தாய். அவள் உன்னைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள், அடுப்பில் மீன் கருகுகிறது என்று சொல்லிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கம் அவள் வரவில்லை.

நீ மட்டும் உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாய். பரவாயில்லை என்று அர்த்தம். உன் சொந்தக் குரலைப் பற்றியும் நீ அதற்குமேல் சொன்னது கிடையாது.

அப்படி ஐந்து பாட்டு. முட்டம் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து யோசித்த பாட்டுக்கு அட்டைப் படத்தையும் தளமே வரைந்தது. கலங்கரை விளக்கத்தைச் சுற்றி முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடந்தது. நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு அந்தப் பாட்டை மலையாளப் பாட்டுகளோடு கொண்டுபோய்ச் சேர்த்தது, அங்கேயும் ஆட்கள் கேட்டார்கள். நீ சிரித்தாய். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. செல்வின் ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் நன்றாகப் பாடுகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். நீ ஒன்றையும் மறைக்கவில்லை. செயற்கையாக உருவாக்கிய குரல், பாடியது மேபல் என்று ஒவ்வொரு பாட்டின் விவரத்திலும் போட்டிருந்தாய். அதை எல்லாம் யார் வாசிக்கிறார்கள்?

பிறகு நீ போனாய். முற்றத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். இராஜாக்கமங்கலத்திலிருந்து உன் கூட்டாளிகள் வந்து உன் பெட்டிகளையே வெளியே கட்டி, கடைசியாக வந்த உன் பாட்டைப் போட்டார்கள். முற்றம் முழுக்க அழுதது. போதகர்கூடக் கண்ணாடியைக் கழற்றினார்.

அண்ணா, அது நான் பாடியது. இரண்டாவது சரணத்தில் எனக்கு இருமல் வந்து, அடக்கிக்கொண்டே பாடிய ஒரு இடம் உண்டு. அந்த இடத்தில் உன் குரல் லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்துக்குத்தான் பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினார்கள். நான் மைனியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, அன்று எனக்கு ஏன் இருமல் வந்தது, ஃபேன் தூசியாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் நீ பாடுவது கேட்டது. எனக்கு நான் பாடுவதுதான் கேட்டது. தன் பாட்டைத் தானே கேட்டு ஒருத்தி எப்படி அழுவாள்?

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம். மைனி சந்தைக்குப் போயிருந்தாள். மைக் செட் அறைக்குப் போய்க் கணினியைப் போட்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்து, "ஏட்டி, சாயா குடிச்சியா?" என்று நானே கேட்டேன். கொஞ்சம் சுற்றிவிட்டு உன் குரலில் வந்தது. உன் குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நீ ஏட்டி என்று கூப்பிட்டால் அதில் பாதி கேலி இருக்கும், நான் செய்த ஏதோ ஒரு தில்லுமுல்லை நீ கண்டுபிடித்துவிட்ட மாதிரி. இது என் ஆபீசில் டோக்கன்காரர் பேரைக் கூப்பிடுவது போல இருந்தது. குடிச்சாச்சு என்று பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. சாயா ஒன்று போட்டுக் குடித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் தளத்திலிருந்து ஒரு செய்தி. இனிமேல் குரல் கொடுத்தவர் வருஷத்துக்கு ஒருமுறை தானே பேசி, அது தன் குரல்தான் என்று உறுதிசெய்ய வேண்டுமாம். மற்றவர் குரலைத் திருடி யாரும் பாட்டுப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். என் ஆபீசுக்கும் பென்ஷன்காரர்கள் வருஷந்தோறும் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போவார்கள். வராதவர் வீட்டுக்குப் போன் போடுவது நான்தான். அந்தப் பக்கம் யாராவது அழத் தொடங்கினால், சான்றிதழ் நகல் எடுத்து வாருங்கள் என்று சொல்லுவேன். அதனால் தளம் என்ன கேட்கிறது என்று எனக்கு உடனே பிடிபட்டது.

நீ பேசினால் எல்லாம் பழையபடி நடக்கும். நீ காலமாகிவிட்டாய் என்று வீட்டார் அறிவித்தால் பாட்டுகள் அங்கேயே இருக்கும், ஆனால் உன் குரலை அழித்துவிடுவார்கள், அதில் இனி யாரும் பாட முடியாது. எதுவுமே செய்யாமல் விட்டால் பாட்டுகளையும் எடுத்துவிடுவார்கள். முடிவு தெரியும்வரை புதுப் பாட்டு எதுவும் செய்ய விடாது. சோதித்துப் பார்க்க மட்டும் சில சின்ன வாக்கியங்களை உன் குரலாக மாற்றித் தரும்.

முதலில் நான் உன் பழைய பதிவு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்ததை எல்லாம் நீ மைக்கைப் பிடித்து ஏலம் விட்டாயே, அது. ஒரு ஏத்தன் வாழைக்குலையை வைத்துக்கொண்டு, ஊரில் இருக்கிற கஞ்சன்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கிழிப்பாய். பின்னால் பிள்ளைகள் கத்தும், ஆடு கத்தும். அதைக் கேட்டுவிட்டுத் தளம் சொன்ன பதில்: இது செல்வின் அவர்களின் குரலோடு பொருந்தவில்லை.

உன்னைப் போலி என்று சொல்லிவிட்டது அண்ணா. யோசித்தால் அதன் மேலும் தப்பில்லை. இவ்வளவு நாளாக அது செல்வின் என்று கேட்டுக்கொண்டிருந்தது என்னைத்தானே. என் மூச்சு, நான் சொல்லை இழுக்கிற விதம், எல்லாம் அதற்குச் செல்வினாகிவிட்டது.

அந்த ஏலத்தைக் கேட்டு மைனி வந்தாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். தளம் என்ன சொன்னது என்று சொன்னேன். "இதத்தானா பொய்யின்னு சொல்லுகு?" என்று கேட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள்.

இதற்குள் அபிஷா சென்னையிலிருந்து லீவில் வந்தாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அது என்ன என்று உனக்கே தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கல்யாணப் பெண்ணை சர்ச்சுக்குள் அழைத்து வரும்போது கொயர் பாடாது, பெண்ணின் அப்பா பாடுவார். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. எங்கள் தாத்தா தன் மூத்த மகள் கல்யாணத்தின்போது கொயர் மாஸ்டரோடு சண்டை பிடித்து, கொயரே வராமல் போய், வேறு வழியில்லாமல் தானே பாடிக்கொண்டு பெண்ணை அழைத்து வந்தார். வீம்புக்குச் செய்தது வழக்கமாகிவிட்டது. என் கல்யாணத்தில் அப்பா பாடினார். பாதியில் வரி மறந்துபோய் முதல் வரியையே மூன்று முறை பாடினார். மைக் செட் பொறுப்பு உன்னுடையது. நீ வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாய்.

அபிஷாவின் கல்யாணத்துக்கென்று நீ ஒரு பாட்டுச் செய்து வைத்திருந்தாய். வரியும் மெட்டும் முழுக்கத் தயார். பதிவு செய்வதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது, அதிலிருந்து நீ எழும்பவில்லை. அந்தப் பாட்டை நான் பாட வேண்டும், அது உன் குரலாக வர வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே அவள் நடந்து வர வேண்டும். அப்பா இல்லாத கல்யாணத்தில் அப்பாவின் பாட்டாவது இருக்கட்டும் என்றாள். நியாயமாகத்தான் கேட்டாள். சரி என்றுவிட்டேன்.

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. சோதித்துப் பார்க்க விடுகிற அந்தச் சின்ன வாக்கியங்களில், தளம் கேட்பதை நான் சொல்லி, உன் குரலாக மாற்றி, அதையே திரும்ப அனுப்பிவிட வேண்டும். ஏலத்தில் பேசிய உன்னை நம்பாது. என்னை நம்பும். கல்யாணம் முடிந்த பிறகு சாவகாசமாக உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டேன். செத்தவர்கள் பென்ஷனை வாங்கித் தின்கிறவர்களைப் பிடித்துக் கொடுக்கிற ஆபீசில் உட்கார்ந்திருப்பவள் போட்ட கணக்கு இது.

போன வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, நானும் அபிஷாவும் மைக் செட் அறையில் உட்கார்ந்தோம். மைனியும் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். திரையில் வாசிக்க வேண்டியது வந்தது. நான் செல்வின். நான் நலமாக இருக்கிறேன். இது என் குரல். நான் வாசித்தேன். கொஞ்சம் சுற்றிவிட்டு, நீ சொன்னாய். நான் செல்வின். நான் நலமாக இருக்கிறேன். இது என் குரல்.

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அனுப்பு என்ற பொத்தானின் மேல் அபிஷாவின் விரல் இருந்தது. அவள் அமுக்கவில்லை. இன்னொரு முறை கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தே, மக்கான்னு ஒரு தடவ சொல்லுங்க, அப்பா சொல்லுத மாதிரி" என்றாள்.

சொன்னேன். உன் குரலில் வந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இன்னும் ஒரு தடவை என்றாள். இந்த முறை நீ கூப்பிடுவதை மனசில் நினைத்துக்கொண்டு, கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். அதுவும் வந்தது, அதே நீட்டலோடு.

அபிஷா பொத்தானிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அப்பா விளிச்சா நான் எங்க இருந்தாலும் எழும்பிப் போவேன் அத்தே. இப்ப எனக்கு எழும்பத் தோணல்ல."

அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நோயாளிக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்கு அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. இந்த வீட்டில் ஒன்றும் தோன்றாதவள் நான் மட்டும் இல்லை.

நான் மைனியைப் பார்த்தேன். உன் குரல் அழிவதில் கடைசி வார்த்தை அவளுடையதாகத்தானே இருக்க வேண்டும். அவள் நிலையிலிருந்து நகராமல் சொன்னாள். "அறிவிச்சிரு மக்கா. செத்த மனுஷனக் கொண்டு சொகமா இருக்கேன்னு சொல்ல வைக்காண்டாம். வலியில கிடந்தப்பவே அவிய அந்தப் பொய்ய எத்தனையோ தடவ சொல்லியாச்சு."

அது உண்மை. நீ குரல் போன பிறகும், யார் வந்து கேட்டாலும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவாய். அதைப் பார்த்து நாங்களும் தலையாட்டுவோம். நம்பினோமா என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

அபிஷாதான் செய்தாள். காலமானார் என்பதைத் தொட்டாள். அறிவிப்பவர் யார் என்று கேட்டது, மகள் என்றாள். உன் இறப்புச் சான்றிதழைப் போனிலிருந்தே அனுப்பினாள். எத்தனையோ பேரிடம் நான் கேட்டு வாங்கிய காகிதம். அன்று என் வீட்டிலிருந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை பதில் வந்துவிட்டது. செல்வின் அவர்களின் குரல் நீக்கப்பட்டது, உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். கூடவே சின்னதாக ஒரு பியானோ வாசித்தது, அதுவே செய்த இசையாக இருக்கும். மோசமாக இல்லை. நீ கேட்டிருந்தால் உள்ளங்கையை ஆட்டியிருப்பாய்.

ஆக, அடுத்த பாட்டு எப்போது என்று கேட்கிறவர்களுக்கு: இனி வராது. இருக்கிற பாட்டுகள் அங்கேயே இருக்கும், கேளுங்கள். கடைசி ஐந்து பாட்டிலும் விவரத்தை ஒருமுறை திறந்து வாசியுங்கள்.

அறிவித்த அந்த வியாழக்கிழமை மத்தியானமே, உன் குரல் போகப்போகிறது என்று தெரிந்தும், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அபிஷா மட்டும் வாசல் படலையைத் திறந்து வெளியே போய், திரும்பி வந்து, திங்கள்கிழமை நீங்களே பாடுங்க அத்தே என்றாள். அம்மா கையைப் பிடிச்சிட்டு வாறேன், நீங்க பாடுங்க. கேள்வியாகக் கேட்கவில்லை. உன் பிள்ளைதான்.

நேற்று சாயங்காலம் சர்ச்சில் ஒத்திகை. கீபோர்டு வாசிக்கும் ஜெபசிங்கை உனக்குத் தெரியும், உன்னிடம் கேபிள் கடன் வாங்கித் திருப்பித் தராதவன். உன் பாட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, மகளே என்று இருக்கிறதே, நீங்கள் பாடுவதென்றால் மருமகளே என்று மாற்றிவிடலாமா என்று கேட்டான். முறை சரிதான், அண்ணன் மகள் மருமகள்தான். ஆனால் உன் தாளம் நொண்டும். மாற்றாதே என்றேன். சரி என்றுவிட்டு, சாதாரணமாக அடுத்ததைக் கேட்டான். "அக்கா, உங்களுக்கு என்ன கட்டை?"

என் சுருதி எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உனக்காகப் பாடியபோதெல்லாம் நான் உன் சுருதியில்தான் பாடினேன். என் இயல்பில் மேலே பாடினால், மெஷின் அதைக் கீழே இறக்கும்போது தகரம் போல ஒலிக்கிறது என்று நீதான் பழக்கினாய். நெஞ்சுக்குள் கிடந்து, கிணற்றடியில் பேசுவது போல, ஆண் சுருதியில். கொயரிலும் அப்படியே கீழே பாடத் தொடங்கிவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை. என்னுடையது எது என்று எனக்கே மறந்துபோயிருந்தது. நான் விழிப்பதைப் பார்த்து ஜெபசிங் ஒவ்வொரு கட்டையாக வைத்துப் பார்த்தான். இதில் பாடுங்க அக்கா. இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே. இன்னும் ஒன்று. ஆளில்லாத சர்ச்சில் நான் ஒவ்வொரு படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் தொண்டை தானாகத் திறந்தது. ஒல்லியான, கொஞ்சம் மூக்கில் பேசுகிற ஒரு பெண் குரல் வந்தது. அது என்னுடையது.

அந்தக் குரலில் உன் பாட்டைத் தொடங்கினேன். வாசல்வரை நான் வருவேன் மகளே.

மகளே என்ற சொல்லில் நின்றுவிட்டேன். உன் குரலில் பாடிக்கொண்டிருந்தவரை அதைச் சொல்ல ஒரு ஆள் இருந்தது அண்ணா. நேற்று என் சொந்தக் குரலில் வந்தபோது, அதைச் சொல்ல வேண்டியவன் இல்லை என்பது அந்தச் சர்ச் முழுக்கக் கேட்டது. நீ இல்லை. ஒரு வருஷம் கழித்து, பட்டப்பகல் மாதிரி, எனக்கு அது தெரிந்தது.

முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ரொம்ப நேரம், சத்தமாக, மூக்கு ஒழுக அழுதேன். ஜெபசிங் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கீபோர்டில் எதையோ திருகிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். மைனி என் வீங்கிய முகத்தைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

உன்னைக் காணாமல் கஷ்டமாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

திங்கள்கிழமை பாடுவேன். அழமாட்டேன் என்று வாக்குத் தர முடியாது. மகளே என்ற இடத்தில் குரல் உடைந்தாலும் உடையட்டும், பாட்டை நிறுத்தமாட்டேன், மைனியும் அபிஷாவும் ஆல்டர் முன்னால் வந்து சேரும்வரை பாடிக்கொண்டே இருப்பேன். வரி மறந்தால் அப்பா மாதிரி முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடுவேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு பிறந்தவள்,
தன் சுருதியில் பாடப்போகும் உன் தங்கச்சி,
மேபல்